சோப்பு மூட்டைகள் படித்த பள்ளி

சூரியன் வருவதற்கு முன்பே அந்தச் சலவை ஆலைக்குள் உச்சிவெயில் வந்துவிடும். கொதிகலன்காரர் கரியை அள்ளிப் போட்டு, நீராவிக் குழாயின் திருகைத் திறந்தால் போதும், கூரைத் தகரத்திலிருந்து வியர்வை சொட்ட ஆரம்பிக்கும். அது தகரத்தின் வியர்வையா மனிதர்களின் வியர்வையா என்று பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. வேன் கொண்டுவந்து கொட்டிய விரிப்புகள் மலைபோல் கிடக்கும். ஆஸ்பத்திரியில் ஒருவர் செத்த விரிப்பு, இன்னொருவர் பிறந்த விரிப்பு, விடுதியில் புதுமணத் தம்பதி சண்டை போட்டுக் காப்பி கொட்டிய விரிப்பு. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு வெளுத்துச் சமத்துவம் காண்பதுதான் அந்த ஆலையின் தத்துவம்.

பிழிந்து வரும் ஈர விரிப்பு கல்லாய்க் கனக்கும். அதைத் தோளில் சுமந்து வந்து, சிக்கெடுத்து உதறி, இஸ்திரி போடும் கொதிக்கும் உருளையின் வாய்க்குள் இரண்டு முனையையும் நேராகக் கொடுக்க வேண்டும். கோணினால் விரிப்பு எரியும். கையை இழுக்கத் தாமதித்தால் விரல் எரியும். விரிப்பு எரிந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். விரல் எரிந்தால் பிடிக்க மாட்டார்கள். அந்த வகையில் முதலாளி நியாயமானவர்.

உருளைக்கு முன்னால் நிற்கும் மனிதரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கில் கண்ணாடி, சட்டைப் பையில் பேனா. நீராவியில் கண்ணாடி நாள் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும். துடைத்துத் துடைத்து மாட்டிக்கொள்வாரே தவிர, கழற்றி வைக்க மாட்டார்.

வாத்தியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இது அவருக்குத் தெரியும், அவர் மனைவிக்குத் தெரியும், இப்போது நமக்கும் தெரியும். ஆலையில் வேறு யாருக்கும் தெரியாது.

கண்ணாடி, ஒரு விடுதித் தலையணை உறைக்குள்ளிருந்து வந்தது. பேனா, ஒரு டாக்டர் அங்கியின் பையிலிருந்து. கேட்டு யாரும் வரவில்லை. மாட்டிப் பார்த்தார், உலகம் கலங்கித் தெரிந்தாலும் முகம் எடுப்பாக இருந்தது. அன்றைக்குப் பார்த்து வாசல் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். காவல்காரர் முன்பே சொல்லியிருந்ததால் விஷயம் அவருக்குத் தெரியும். கூட்டத்தின் பின்னாலிருந்து, "நாளைக்குத் தண்ணி வராதாம், லீவு" என்றார். வழி விட்டார்கள். அன்று முதல் வாத்தியார். ஒரு அறிஞராவதற்கு அவருக்குத் தேவைப்பட்டது முழுவதும் அடுத்தவர்களின் அழுக்குத் துணிக்குள்ளிருந்தே கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம் தொழில் பழகிவிட்டது. நோட்டீஸ் ஒட்டியதும் முதலில் காவல்காரரிடம் ஊர்க்கதை பேசப் போவார். விஷயத்தைக் கறந்துகொண்டு வந்து, கைகளைப் பின்னால் கட்டி நின்று, தொண்டையைச் செருமி, 'படிப்பார்'. யாராவது சொந்தக் கடிதத்தையோ, போனில் வந்த செய்தியையோ நீட்டினால் மட்டும் முகம் கறுத்துவிடும்.

"அடுத்தவங்க வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்கற பழக்கம் எனக்கு இல்லைப்பா. வீட்டுல போய்ப் படிச்சுக்க."

"மனுஷன்னா இப்படியில்ல இருக்கணும்!" என்று அதற்கும் ஒரு மரியாதை சேர்ந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் முதலாளி கல்வியைக் கொண்டுவந்து சேர்த்தார்.

நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி தன் துணியை இந்த ஆலைக்குக் கொடுக்க ஒரு நிபந்தனை வைத்திருந்தது. தொழிலாளர்களுக்கு ஆலையிலேயே முதியோர் கல்வி நடக்க வேண்டும். முதலாளிக்குக் கல்வியின் மேல் திடீர்க் காதல் வந்தது இப்படித்தான். பின்கட்டில் ஒரு அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தார்கள். வாசலில் 'தொழிலாளர் கல்விக்கூடம்' என்று ஒரு கல்வெட்டு. கல்வி என்ற சொல்லைவிட முதலாளியின் பெயர் அதில் பெரிதாக இருந்தது.

திறப்பு விழாவில் முதலாளி ஒரு மணி நேரம் பேசினார். "கல்விங்கறது ஒரு விளக்கு. அதை என் கையால ஏத்தி வெக்கிறேன்," என்றார். அறையின் நடுவில் தொங்கிய புது பல்பை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ரிப்பன். தையல் பிரிவிலிருந்து வந்த கத்தரிக்கோல் பழைய விரிப்புகளை வெட்டி வெட்டி வாய் மழுங்கிப் போயிருந்தது. அது ரிப்பனை வெட்டாமல் சப்பிக்கொண்டே இருந்தது. முதலாளியின் நெற்றியில் முதன்முறையாக வியர்வை துளிர்த்ததைத் தொழிலாளர்கள் ஆர்வத்தோடு பார்த்தார்கள். கடைசியில் மேனேஜர் பின்னால் போய் முடிச்சை அவிழ்த்துவிட, வெட்டுப்பட்டதாக வைத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

"பாடம் யார் நடத்தறது?" என்று கேட்டார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்.

"வெளியிலேர்ந்து எதுக்கு? எங்க ஆலையிலேயே ஒரு அறிஞர் இருக்காரே!" என்று முதலாளி வாத்தியாரின் தோளைத் தட்டினார். சம்பளம் கேட்காத அறிஞர் எந்த ஊரில் கிடைப்பார்?

வாத்தியாரைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்திக் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார்கள். பலகையில் மேனேஜர் ஏற்கெனவே ஏதோ எழுதி வைத்திருந்தார். அதை வாத்தியார் குச்சியால் சுட்டிக் காட்டினார். என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. போட்டோ நன்றாக வந்தது. போட்டோ முடிந்ததும் சிலேட்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கடுத்த சோப்புச் சரக்கு வந்தபோது கிடங்கில் இடமில்லை. மூட்டைகளைக் கல்விக்கூடத்தில் அடுக்கினார்கள். பல்பு முதலாளியின் கார் கொட்டகைக்குப் போயிற்று. பூட்டும் விழுந்தது. அன்று நிம்மதியாகத் தூங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதலாளி, இன்னொருவர் வாத்தியார்.

அதற்கப்புறம் வாத்தியாரைத் தூங்க விடாமல் செய்தது சோடா அக்கா. தொட்டிகளுக்குச் சோடாவும் வெளுப்புத் தண்ணீரும் அளந்து ஊற்றுகிறவள் என்பதால் அந்தப் பெயர். வெளியூரில் வேலைக்குப் போன மகள் போனில் எழுதி அனுப்புவதைத் தானே படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

"என் மக எனக்கு எழுதறதைத் தெருவே படிச்சு முடிச்சிட்டு, மிச்சம் மீதியைத்தான் என்கிட்ட சொல்லுதுங்க வாத்தியாரே. அவ மாசமா இருக்கறதே எனக்குக் கடைசியாத்தான் தெரிஞ்சது. தண்ணி பிடிக்கற இடத்துல எனக்கு முன்னாடி எல்லாரும் பாட்டியாயிட்டாங்க. சாயங்காலம் கொஞ்ச நேரம் சொல்லிக் கொடுங்களேன். மூட்டைகளை நாங்களே ஓரமா நகர்த்திக்கறோம்."

"முதலாளிகிட்ட பேசிட்டேன்க்கா. இடம் இல்லைங்கறார்."

அவர் பேசவே இல்லை.

"நான் வேணா ஒரு தடவை கேக்கட்டுமா?"

"அவசரப்படாதே. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். அக்கா கேட்கும்போதெல்லாம் ஒரு மூட்டையை முன்னால் நகர்த்தி, அதன் பின்னால் ஒளிந்துகொண்டார். சோப்பு மூட்டைகளை அந்த அறைக்குள் அடுக்கியது முதலாளி. அவை அங்கேயே இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டவர் வாத்தியார்.

ஒரு நாள் காலை, தொட்டியடியில் நீல நிறக் கேன்கள் வந்து இறங்கியிருந்தன. புது மருந்து. குறைந்த தண்ணீர், குறைந்த நேரம், அதிக வெளுப்பு என்று மேனேஜர் குதூகலித்துக்கொண்டிருந்தார். சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு நோட்டீஸ். வாத்தியார் காவல்காரரைப் பார்த்துவிட்டு வர நினைத்தார். காவல்காரருக்கு அன்றைக்கு லீவு.

"வாத்தியாரே, இதென்ன போட்டிருக்கு?" சோடா அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி நின்றாள்.

வாத்தியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். கண்ணாடிக்குள் சிவப்பு மட்டும் கலங்கலாகத் தெரிந்தது.

"துணியை நல்லா அலசணும்னு போட்டிருக்கான். வேற என்னத்தைப் போடப்போறான்?" போதாதென்று நம்பகத்தன்மைக்காக இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார். "கீழே முதலாளி கையெழுத்து."

அவர் திரும்பி உருளைக்குப் போய், ஒரு விரிப்பின் முனையைக்கூடக் கொடுத்திருக்க மாட்டார். பின்னால் தகர டப்பா உருளும் சத்தம். பிறகு இருமல். பழைய வெளுப்புத் தண்ணீர் பாதி கிடந்த தொட்டியில் அக்கா புது மருந்தை ஊற்றியிருந்தாள். மஞ்சளும் பச்சையுமாகப் புகை தொட்டியின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. அவள் இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தாள். கொதிகலன்காரர் ஈர விரிப்பு ஒன்றை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்து அவளை இழுத்து வந்தார். துணி தள்ளும் வண்டியிலேயே அவளைக் கிடத்தித் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வேன் டிரைவர் யாரையும் கேட்காமல் வேனைக் கிளப்பினார்.

மேனேஜர் மூக்கைப் பொத்தியபடி வந்து சுவரைத் தட்டிக் கத்தினார். "இதோ, கொட்டை எழுத்துல போட்டிருக்கே! பழைய தண்ணியோட கலக்கக் கூடாது, கலந்தா விஷப்புகைன்னு! கண்ணு இல்லையா அவளுக்கு?"

அந்த நேரத்தில் கேட்கக் கூடாத கேள்வி அது.

"உங்களைக் கேக்காமலா வாத்தியாரே ஊத்தினா?" என்றார் கொதிகலன்காரர்.

வாத்தியார் தலையை ஆட்டினார். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் ஒரு ஆட்டம்.

ஆஸ்பத்திரியில் அக்கா படுத்திருந்த விரிப்பு அவர்கள் ஆலையில் வெளுத்ததுதான். ஓரத்தில் வாத்தியாரின் உருளை விட்ட மடிப்பு. கண்கள் இரண்டிலும் கட்டு. பேச்சுக்கு நடுவில் நெஞ்சு இழுத்தது.

"யாரு, வாத்தியாரா? செருமறது கேட்டுச்சு." கையைத் துழாவி நீட்டினாள். "வேலையைப் போட்டுட்டு எதுக்கு வந்தீங்க?"

"சும்மா... பாத்துட்டுப் போலாம்னு."

"ஒரு கண்ணு தேறிடும்ங்கறாங்க. இன்னொண்ணு இப்ப சொல்ல முடியாதாம்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்க சரியாத்தான் படிச்சிருப்பீங்க. மெஷின் சத்தத்துல நான்தான் பாதியை விட்டுட்டேன் போல. மேனேஜர் இங்க வந்து கத்தினப்போ, உங்க பேரை நான் எடுக்கலை. உங்களுக்கு எதுக்குப் பொல்லாப்பு?"

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எச்சிலைத் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம்.

தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்தாள். "மக ஏதோ அனுப்பியிருக்கா, ரெண்டு தடவை சத்தம் வந்துச்சு. அடுத்தவங்க விஷயத்தை நீங்க படிக்க மாட்டீங்க, தெரியும். இந்த ஒரு தடவை மட்டும். என் கண்ணுதான் இப்படி இருக்கே, தப்பில்லை."

போன் அவர் உள்ளங்கையில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. எழுத்துகள் வரிசையாக நின்றன. அவரைப் பார்த்தன.

"சார்ஜ் தீந்து போச்சுக்கா," என்றார்.

"அப்படியா?" என்றாள் அவள். அவ்வளவுதான்.

வெளியே வந்தவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். வழி மறித்ததற்காக நர்ஸ் ஒருத்தி திட்டினாள். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அடுத்த நாள் முதலாளி அறைக்கு அழைப்பு வந்தது. நாற்காலியும் தேநீரும் கிடைத்தன. அந்த அறையில் நாற்காலி கிடைத்தால் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது.

"நாளைக்குத் தொழிலாளர் துறையிலேர்ந்து அதிகாரி வர்றார். நடந்தது என்ன? நோட்டீஸ் ஒட்டினோம். ஆலையில கல்விக்கூடம் இருக்கு. வாத்தியார் நீங்க. அவளுக்குப் படிச்சும் காட்டினீங்க. அவ மீறிட்டா. அப்படித்தானே?"

"அக்காவோட வைத்தியம்..."

"விதியை மீறினவங்களுக்கு ஆலை பொறுப்பில்லைன்னு சட்டம் சொல்லுது. நான் என்ன பண்ணட்டும்? மனசு கெடந்து அடிச்சுக்குது எனக்கு." முதலாளி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். அது உடைந்து உள்ளே விழுந்தபோதுதான் அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "வேலையிலேர்ந்தும் எடுக்க வேண்டியிருக்கும். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல?"

வாத்தியார் தேநீரைத் தொடவில்லை.

"இன்னொண்ணு. உங்களை மேற்பார்வையாளர் ஆக்கலாம்னு இருக்கேன். ஒரு படிச்ச மனுஷன் உருளைக்கு முன்னாடி வேகறது எனக்கே அவமானமா இருக்கு."

மாலையில் வீட்டில் மனைவி கிழிந்த விரிப்பொன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளும் அதே ஆலைதான், தையல் பிரிவு. அவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை ஊசி நிற்கவில்லை.

"நாளைக்கு ஆமான்னு சொன்னா அவ தெருவுல நிப்பா. இல்லைன்னு சொன்னா நான் நிக்கணும்," என்றார்.

"அவ கண்ணைக் கட்டிக்கிட்டு நிப்பா. நீங்க கண்ணாடியைக் கழட்டிட்டு நிப்பீங்க. ரெண்டும் ஒண்ணா?"

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்." ஊசி நின்றது. "நான் என்ன யோக்கியமா? காலையில எழுந்ததும் அந்தக் கண்ணாடியைத் துடைச்சுக் கொடுத்தவ நான்தானே! வாத்தியார் சம்சாரம்னு கூப்பிட்டாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அவ படிக்கணும் படிக்கணும்னு உங்க பின்னாடி அலைஞ்சப்ப, ஐயோ பூட்டு திறந்துடக் கூடாதேன்னு நானும்தான் வேண்டிக்கிட்டேன். எனக்கும் இதுல பாதி இருக்குங்க." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "என் பாதிக்கு நான் வந்து நிக்கறேன். உங்க பாதியை நீங்க பாருங்க."

விசாரணை உருளைக் கூடத்திலேயே நடந்தது. அதிகாரி உட்கார்ந்ததும், "இவ்வளவு சூட்டுலயா வேலை பாக்கறீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். தொழிலாளர் நலனில் அவருடைய பங்கு அத்துடன் நிறைவேறியது. மேனேஜர் தயாராக வைத்திருந்த வாக்குமூலத்தை நீட்டினார். சுற்றிலும் தொழிலாளர்கள் நின்றார்கள்.

"நீங்கதான் ஆசிரியரா? படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க," என்றார் அதிகாரி.

வாத்தியார் காகிதத்தை வாங்கினார். கைகள் வழக்கம்போல் பின்னால் போகப் பார்த்தன. தொண்டை வழக்கம்போல் செருமப் பார்த்தது. இரண்டையும் அடக்கினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் தமாஷ் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தார்கள். அதிகாரியும் பெருந்தன்மையாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கியும் வாத்தியார் அப்படியே நின்றார்.

"நிஜமாத்தான். ஒரு எழுத்துகூடத் தெரியாது. அந்த நோட்டீஸை அக்கா என்கிட்டதான் கேட்டா. துணியை நல்லா அலசணும்னு போட்டிருக்குன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவ எதையும் மீறலை. நான் சொன்னதைத்தான் நம்பினா."

முதலாளி எழுந்துவிட்டார். "பொய்! இவனுக்குப் படிக்கத் தெரியும்! போட்டோ இருக்கு!"

"போட்டோவுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாதுங்க."

"பயந்து போய் நடிக்கிறான். எல்லாம் நல்லாத் தெரியும் இவனுக்கு!"

அதிகாரிக்கு வியர்த்தது. "தெரியும்னா நிரூபிக்கச் சொல்லலாம். தெரியாதுங்கறதை எப்படிய்யா நிரூபிக்கறது?"

உலகத்திலேயே முதன்முறையாக ஒரு முதலாளி, தன் தொழிலாளி படித்தவன்தான் என்று தொண்டை கிழியச் சாதித்துக்கொண்டிருந்தார்.

தையல் பிரிவிலிருந்து குரல் வந்தது. "நான் சொல்றேங்க. நான் இவரு சம்சாரம். இவருக்குத் தெரியாது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே தெரியாது. அது எனக்குத் தெரியும், நானும் சொல்லலை."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் அதிகாரியை விட்டுவிட்டுத் தொழிலாளர்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னொண்ணும் இருக்கு. பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி முதலாளிகிட்ட பேசிட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன். பேசலை. ஒரு தடவைகூடப் பேசலை. திறந்தா என் சாயம் வெளுத்துடும்னுதான்."

கொதிகலன்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கரி படிந்த கை வாத்தியாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

"உன் மூக்குல அந்தக் கண்ணாடி தொங்கறதுக்காக அவ கண்ணு போகணுமாடா?"

வாத்தியார் விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. அடி விழும் என்று நினைத்தார். விழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வேன் டிரைவர் வந்து கொதிகலன்காரரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்கண்ணே. அப்புறம் பாத்துக்கலாம்."

"பாத்துக்கறேன். இவனை நாங்க பாத்துக்கறோம்." கொதிகலன்காரர் பிடியை விட்டார். பிடித்த இடத்தில் சட்டையில் ஐந்து விரலும் கரியாகப் பதிந்திருந்தது. முதலாளி பக்கம் திரும்பினார். "இவன் பொய் சொன்னான், சரி. அந்த ரூம்ல சோப்பு மூட்டை அடுக்கினது யாரு? இவனா?"

"அது தற்காலிகமா..."

"கரும்பலகையில எழுத்து இருந்த அன்னைக்குப் போட்டோ எடுத்தீங்க. அதுக்கப்புறம் ஒரு நாள் பூட்டைத் திறந்தீங்களா? விஷத்தைக் கொண்டாந்து எறக்கறப்போ ஒருத்தரைக் கூப்பிட்டு வாயால சொல்ல என்ன செலவு? எழுதி ஒட்டிட்டா உங்க பாரம் தீந்துடுச்சு. படிக்கத் தெரியாதவன்தான் சாகணும், அப்படித்தானே?"

"நீ கொதிகலனைப் பாரு. அரசியல் பேசாதே."

"பாக்கறேன்."

அவர் நேராகப் போய் நீராவிக் குழாயின் திருகைச் சுற்றினார். சுற்றிச் சுற்றி மூடினார். உருளை பெருமூச்சு விட்டு நின்றது. தொட்டிகள் நின்றன. அந்தக் கூடத்தில் அப்படியொரு அமைதியை யாரும் கேட்டதில்லை. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர்கூடக் கேட்டது.

"அக்காவோட வைத்தியம் ஆலையோட பொறுப்பு. அவ வேலை அவளுக்குத்தான். புது மருந்து எது வந்தாலும் எல்லாரையும் நிறுத்தி வெச்சு வாயால சொல்லணும். பள்ளிக்கூடம் நடக்கணும், நிஜ வாத்தியாரோட. வேலை நேரத்துல."

"வேலை நேரத்துல படிப்பா?" முதலாளியின் குரல் கீச்சிட்டது. "அப்ப துணியை யாரு துவைக்கறது, நானா?"

"கத்துக்கலாம், கஷ்டமில்லை. எந்த வயசுலயும் கத்துக்கலாம்னு நீங்கதானே ஒரு மணி நேரம் பேசினீங்க?"

சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அதிகாரி, "பரிசீலிக்கப்படும்" என்று சொல்லிவிட்டுக் குளிர்ந்த இடம் தேடிப் போனார். முதலாளி, நாளைக் காலையில் உருளை ஓடாவிட்டால் வாசலில் பூட்டு என்றார்.

சொன்னபடியே மறுநாள் விடியும்போது வாசலில் பூட்டு தொங்கியது. பூட்டு விஷயத்தில் அவர் வாக்குத் தவறியதே இல்லை.

தொழிலாளர்கள் வழக்கமான நேரத்துக்கே வந்துவிட்டிருந்தார்கள். மதில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் வரவில்லை. வந்தவர்களிலும் சிலர், இன்னும் எத்தனை நாள் தாங்க முடியும் என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் கடைசி ஆளாக, எல்லோரையும் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த ஆள் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். கரிக்கை பதிந்த சட்டையைத்தான் போட்டிருந்தார். மனைவி துவைத்துப் பார்த்தும் அது போகவில்லை. சலவைக்காரர் வீட்டுச் சட்டை!

"சும்மா எதுக்கு உக்காந்திருக்கணும்?" என்றார் கொதிகலன்காரர். பையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வேன் டிரைவரிடம் போட்டார். "நீ ஊர் ஊரா விலாசம் படிக்கறவன்தானே? எழுந்திரு. அவங்க பூட்டை அவங்க வெச்சுக்கட்டும், பள்ளிக்கூடத்தை நாம இங்க நடத்துவோம்."

"எனக்குச் சொல்லித் தர்றதெல்லாம் வராதுண்ணே."

"எங்களுக்குப் படிக்கவே வராது. நீ ஆரம்பி."

ஆலையின் மதிலுக்குச் சென்ற மாதம்தான் வெள்ளையடித்திருந்தார்கள். டிரைவர் அதன் முன்னால் கூச்சத்தோடு நின்றார். கரித்துண்டை உயர்த்தினார்.

"என்ன எழுதட்டும்?"

"அந்த நோட்டீஸ்ல மேலேயே பெருசா ஒண்ணு இருந்துச்சே, சிவப்புல," என்றது ஒரு குரல். "அதையே எழுது."

எல்லோரும் திரும்பினார்கள். சோடா அக்கா தெருமுனையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். வாத்தியாரின் மனைவி அவள் கையைப் பிடித்து நடத்தி வந்தாள். ஒரு கண்ணில் கட்டு இருந்தது. இன்னொரு கண் சிவந்து, நீர் வடிந்து, திறந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில விட்டாங்களா?"

"சாயங்காலம் திரும்பணும். நர்ஸ்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்." வாத்தியார் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "அந்த நர்ஸுதான் மக அனுப்பினதைப் படிச்சுக் காட்டினா. போன்ல சார்ஜ் நெறைய இருந்துச்சாம்."

வாத்தியார் தலை நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. மண்ணைப் பார்த்தபடியே, "அக்கா..." என்றார்.

"பேசாதீங்க. நீங்க பேசறதை நான் இப்போதைக்குக் கேக்கறதா இல்லை."

இடம் தேடினாள். முன்வரிசை நெருக்கமாக இருந்தது. தள்ளி உட்கார்ந்திருந்த அவர் பக்கத்தில் மட்டும்தான் காலி. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அங்கேயே வந்து உட்கார்ந்தாள். வாத்தியார் உடம்பைக் குறுக்கிக்கொண்டார்.

டிரைவர் மதிலில் எழுத ஆரம்பித்தார். கரி வெள்ளையில் கிறீச்சிட்டது. "இதுதான் முதல் எழுத்து," என்றார். "இது ஆபத்துங்கற வார்த்தையோட ஆரம்பம். எல்லாரும் தரையில போட்டுப் பாருங்க."

பல விரல்கள் மண்ணில் இறங்கின. வெந்த விரல்கள், சோடா அரித்த விரல்கள், நகம் போன விரல்கள். கொதிகலன்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு, குழாய்த் திருகைச் சுற்றுகிற வேகத்தில் மண்ணைக் கிளறினார். பூட்டிய வாசலுக்குள்ளிருந்து மேனேஜர், "ஏய், சுவரை அழுக்காக்காதீங்க!" என்று கத்தினார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். யாருடையதோ, எந்தக் கண்ணுக்கோ செய்தது. இத்தனை காலமும் அதன் வழியாகவே பார்த்துப் பழகிவிட்டதால் வெளிச்சம் முதலில் கூசியது. பிறகு, மதிலின் மேல் அந்த எழுத்து தெளிவாக, கரிக்கோட்டின் பிசிறு வரைக்கும் தெரிந்தது. அவ்வளவு துல்லியமாக அவர் ஒரு எழுத்தைப் பார்த்ததே இல்லை. அது என்ன என்பது மட்டும்தான் தெரியவில்லை.

"நகருங்க," என்றாள் சோடா அக்கா, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "உங்க தலை மறைக்குது."

அவர் நகர்ந்தார். குனிந்து, விரலை மண்ணில் வைத்தார்.